செம்பு சொல்லும் சாட்சி

மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்க நகரம் கல்கூர்லி. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால் லெஃப்ராய் என்ற உப்பேரி வரும். ஏரி என்று சொல்கிறார்களே ஒழிய, பெரும்பாலான மாதங்களில் அதில் தண்ணீர் நிற்காது. கண்ணைக் கூச வைக்கும் உப்புப் பொருக்கும் களிமண்ணும்தான். அதன் கரையில் உள்ள கம்பால்டாவில் 1890களின் கடைசியில் தங்கம் தோண்டினார்கள். ரெட் ஹில் என்ற குன்றை ஒட்டிச் சுரங்கம் வந்தது, கடை வந்தது, சனம் வந்தது. சில வருஷங்களில் தங்கம் வற்றியதும் எல்லாரும் கிளம்பிப் போய்விட்டார்கள். அந்தத் தங்கத்தைவிடப் பெரிய சொத்து அங்கேயே பூமிக்கடியில் கிடந்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அன்றைக்கு நிக்கல் என்றால் கனடாவின் சட்பரி, பசிபிக்கின் நியூ கலிடோனியா, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் அதைத் தேடிப் போனவர்கள் மிகக் குறைவு.

பிறகு அணுகுண்டுக் காலம் வந்தது. நாடெங்கும் யுரேனியப் பித்து. அந்தப் பித்தில் அலைந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் கவுசில். அவர் ரெட் ஹில் பக்கம் பொறுக்கிய பழுப்பு நிறக் கற்களில் யுரேனியம் இல்லை, நிக்கல் இருந்தது. அப்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1964இல்தான் அந்தக் கற்கள் வெஸ்டர்ன் மைனிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனியின் நிலவியலாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. ராய் வுடால் தலைமையிலான அவர்கள் அந்த இடத்தை வரைபடமாக்கினார்கள், மண்ணைச் சோதித்தார்கள், மின்சோதனை செய்தார்கள். 1966 ஜனவரி 28ஆம் தேதி முதல் துளையிலேயே தாது அகப்பட்டது. 2.7 மீட்டர் கனத்துக்கு 8.3 சதவீதம் நிக்கல். உலகின் பல சுரங்கங்கள் ஒன்றரை, இரண்டு சதவீதத்தை வைத்தே பிழைக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும். அடுத்த ஆண்டே உற்பத்தி தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் முதல் பெரிய நிக்கல் சுரங்கம் அதுதான்.

கதையை இப்படிச் சொன்னால் பழுப்புக் கல், நல்ல கம்பெனி, அதிர்ஷ்டம் என்று முடிந்துவிடும். ஆனால் அந்த வட்டாரத்தில் நிக்கல் உள்ள கல்லைப் பொறுக்குவது ஒரு சாதனையே அல்ல. கம்பால்டாவைச் சுற்றிப் பல நூறு கிலோமீட்டருக்கு எங்கே குனிந்தாலும் நிக்கல் உள்ள பாறை கிடைக்கும். அவற்றில் ஆயிரத்தில் ஒன்றுகூடச் சுரங்கமாகாது. எது ஆகும், எது ஆகாது என்று எப்படிப் பிரிப்பது? பசும்பாறைப் பட்டைகளில் நிக்கல் தேடுகிறவர்களின் முழுத் தொழிலும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கான விடையில் பெரும்பகுதியைச் சொல்வது நிக்கல் அல்ல; அதனோடு சிறிதளவே வரும் செம்பு.

*

முதலில் பட்டையைப் பார்ப்போம். பூமியின் கண்டங்களுக்குள்ளே மிகப் பழைய, அசையாத பாறைத் திட்டுகள் இருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவில் யில்கார்ன், கனடாவில் சுப்பீரியர், தென்னாப்பிரிக்காவில் காப்வால், நம் கர்நாடகத்தில் தார்வார். இவற்றின் பெரும்பகுதி வெளிறிய கிரானைட்டும் நைசும். அவற்றுக்கு இடையே நீளமாக, வளைந்து நெளிந்து, கரும்பச்சை நிறப் பாறைகள் ஓடும். அவைதான் பசும்பாறைப் பட்டைகள். ஒருகாலத்தில் கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்பும், அதன் மேல் படிந்த வண்டலும் புதையுண்டு, மடிந்து, மிதமான சூட்டில் வெந்ததால் குளோரைட், ஆக்டினோலைட், எபிடோட் போன்ற பச்சைக் கனிமங்கள் அவற்றில் நிறைந்துவிட்டன. கம்பால்டா இருக்கும் பட்டைக்கு வயது சுமார் 270 கோடி ஆண்டு.

இந்தப் பட்டைகளில் இன்றைய எரிமலை எதுவும் கக்காத ஒரு குழம்பு உறைந்து கிடக்கிறது. 1969இல் தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் பகுதியில் ஓடும் கொமாட்டி ஆற்றங்கரையில் மோரிஸ் வில்யூன், ரிச்சர்ட் வில்யூன் என்ற சகோதரர்கள் அதைத் தனி வகை என்று அடையாளம் கண்டு கொமாட்டியைட் எனப் பெயரிட்டார்கள். ஹவாயின் குழம்பு 1,150 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வருகிறது. கொமாட்டியைட் 1,600 டிகிரியை நெருங்கும் சூட்டில் பீறிட்டது. அதில் மக்னீசியம் ஆக்சைடு 18 சதவீதத்துக்கு மேல். அவ்வளவு சூட்டில் குழம்பு மிகவும் இளகி, அகன்ற கால்வாய்கள் வெட்டிக்கொண்டு வெகுதூரம் பாய்ந்திருக்க வேண்டும். அதன் மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்தபோது ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் நீண்ட தகடுகளாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வளர்ந்தன. அந்தக் கோலத்துக்கு ஆஸ்திரேலியப் பாலைப் புல்லின் பெயரையே வைத்து ஸ்பினிஃபெக்ஸ் அமைப்பு என்கிறார்கள். களத்தில் அதைக் கண்டுவிட்டால் கொமாட்டியைட்டா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை.

பூமியின் உட்பகுதி அன்றைக்கு இன்றைவிடச் சூடாக இருந்தது. அதனால்தான் அந்தக் குழம்பு பிறந்தது. பிறகு பூமி ஆறிவிட்டது. கொலம்பியாவின் கோர்கோனா தீவில் சுமார் 9 கோடி ஆண்டுப் பழமையான கொமாட்டியைட் ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட அரிய விதிவிலக்குகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இது முழுக்க முழுக்கப் பழங்காலத்துச் சரக்கு.

*

கொமாட்டியைட்டில் நிக்கல் நிறைய. ஆனால் எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல். ஆலிவின் படிகத்தில் மக்னீசியம் உட்காரும் இடத்தில் நிக்கலும் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ஆலிவின் குவிந்த எந்தப் பாறையை எடுத்துச் சோதித்தாலும் 0.2 முதல் 0.3 சதவீதம் நிக்கல் தெரியும். அது ஆலிவின் போன்ற சிலிக்கேட்டுக்குள் சிறைப்பட்ட நிக்கல். அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கிற சாதாரண ஆலைக்கு அது அகப்படாது. உருக்கினாலும் செலவுக்குக் கட்டாது.

சுரங்கத்துக்கு வேண்டியது சல்பைடு நிக்கல். குழம்பு இன்னும் திரவமாக இருக்கும்போதே அதில் கந்தகம் தாங்க முடியாத அளவுக்குச் சேர்ந்துவிட்டால், எண்ணெயும் தண்ணீரும் பிரிவதுபோல இரும்பும் கந்தகமும் சேர்ந்த சல்பைடு என்ற தனித் திரவம் துளித்துளியாகப் பிரியும். அந்தத் துளிகள் சுற்றியுள்ள குழம்பைவிடக் கனமானவை. கீழே இறங்கும்போது தமக்குப் பிடித்த உலோகங்களையெல்லாம் வாரிக்கொண்டு போகும். குழம்பில் ஒரு பங்கு நிக்கல் இருந்தால் துளியில் நூறு பங்கும் அதற்கு மேலும் சேரும். செம்புக்கு அந்த ஈர்ப்பு இன்னும் அதிகம். பிளாட்டினம், பல்லேடியம், இரிடியம் ஆகியவற்றுக்கோ பல ஆயிரம் மடங்கு.

செம்பின் முக்கியத்துவம் இங்கேதான் பிறக்கிறது. நிக்கலுக்கு ஆலிவினிலும் இடம் உண்டு, சல்பைடிலும் இடம் உண்டு. செம்புக்கு ஆலிவினில் இடமே இல்லை. ஆலிவின் குவிந்த பாறை ஒன்றில் சொல்லிக்கொள்ளும்படி செம்பு இருந்தால், அங்கே சல்பைடு இருந்திருக்க வேண்டும். நிக்கல் மட்டும் இருந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நிக்கல் இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆள்; செம்பு ஒரு வீட்டு ஆள்.

ஆனாலும் கம்பால்டா தாதுவில் செம்பு குறைவுதான். நிக்கலில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஈர்ப்பு அதிகம் என்றால் ஏன் இவ்வளவு குறைவு? கொடுத்த கை அப்படி. கொமாட்டியைட் குழம்பில் நிக்கல் தாராளம், செம்பு சொற்பம். ரஷ்யாவின் நோரில்ஸ்க் போலப் பசால்ட் வகைக் குழம்பில் பிறந்த தாதுக்களில் செம்பு நிக்கலையே மிஞ்சிவிடும். தாதுத் துண்டு ஒன்றின் நிக்கல்-செம்பு விகிதத்தைப் பார்த்தே அதைப் பெற்ற குழம்பு எந்த வகை என்று அனுபவசாலி ஊகித்துவிடுவார்.

கீழே இறங்கிய சல்பைடுத் திரவம் அப்படியே உறைந்துவிடுவதில்லை. சுமார் 1,000 டிகிரிக்குக் கீழே அதிலிருந்து இரும்பும் நிக்கலும் கலந்த சல்பைடு படிகமாகும். செம்பு மீதித் திரவத்தில் தங்கி, விரிசல்களில் நுழைந்து, ஓரங்களில் சேரும். இன்னும் ஆறியபின் அந்தப் படிகத்திலிருந்து பென்ட்லாண்டைட் என்ற வெண்கல நிறக் கனிமம் பிரிந்து வரும். நிக்கலின் பெரும்பகுதி அதில்தான். கூடவே காந்தத்தில் ஒட்டும் பைரோடைட்டும், பித்தளை மஞ்சளில் மின்னும் சால்கோபைரைட்டும். செம்பைச் சுமப்பது இந்தக் கடைசிக் கனிமம். துளைக்கருவி வெளியே கொண்டுவந்த கல்லுருளையில் ஒரு மஞ்சள் இழையைக் கண்டால் களத்தில் இருப்பவர்கள் முகம் மலர்வது அதனால்தான்.

*

கந்தகம் எங்கிருந்து வந்தது? இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த கேள்வி இதுதான்.

ஆழத்திலிருந்து ஏறிவரும் குழம்பு அழுத்தம் குறையக் குறைய இன்னும் அதிகமான கந்தகத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதாவது கொமாட்டியைட் மேலே வந்து சேரும்போது கந்தகப் பசியோடு வந்து சேர்கிறது. தானாகத் துளி பிரிய வழியில்லை. வெளியிலிருந்து யாராவது ஊட்ட வேண்டும். 1984இல் ஹெர்பர்ட் ஹப்பர்ட், ஸ்டீஃபன் ஸ்பார்க்ஸ் உள்ளிட்டோர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். அவ்வளவு சூடான குழம்பு கொந்தளித்துப் பாயும்போது தனக்கு அடியில் உள்ள தரையையே உருக்கி அரித்துக்கொண்டு போகும். அந்தத் தரை கந்தகம் செறிந்த கடலடி வண்டலாக இருந்தால் குழம்பின் பசி தீர்ந்துவிடும்.

கம்பால்டாவில் இதற்கு ஒரு தடயம் உண்டு. கொமாட்டியைட்டுக்கு அடியில் பசால்ட். இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் மெல்லிய சல்பைடு வண்டல் படலம். ஆனால் தாது படுத்திருக்கும் பள்ளங்களில் மட்டும் அந்த வண்டல் பெரும்பாலும் காணோம். இரு பக்கமும் இருக்கிறது, நடுவில் இல்லை. குழம்பு அதை விழுங்கிவிட்டது என்பது ஒரு விளக்கம். அந்தப் பள்ளங்கள் குழம்பு வெட்டியவையா, ஏற்கெனவே இருந்தவையா, பிற்பாடு பாறை மடிந்தபோது உண்டானவையா என்று நிலவியலாளர்கள் நெடுங்காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். 270 கோடி ஆண்டில் ஒரு பள்ளத்துக்கு எத்தனையோ நேரலாம்.

2009இல் ஆண்ட்ரி பெக்கரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இதைவிட ஆழமாகப் போனது. ஆஸ்திரேலியா, கனடா நாடுகளின் கொமாட்டியைட் நிக்கல் தாதுக்களில் உள்ள கந்தகத்தின் ஐசோடோப்புகளை அவர்கள் அளந்தார்கள். சாதாரண வேதிவினைகளில் ஐசோடோப்புகள் எடைக்குத் தகுந்தபடி ஓர் ஒழுங்கில் பிரியும். இந்தத் தாதுக்களில் அந்த ஒழுங்கு குலைந்திருந்தது. அப்படிக் குலைவதற்கு அறியப்பட்ட முக்கிய வழி, எரிமலை வாயுவான கந்தக டை ஆக்சைடு காற்று மண்டலத்தின் உயரத்தில் புற ஊதாக் கதிரில் உடைவது. அந்தக் கையெழுத்து அழியாமல் மிஞ்ச வேண்டுமானால் காற்றில் ஆக்ஸிஜன் இருக்கக் கூடாது. பூமியின் காற்றில் ஆக்ஸிஜன் சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்கு முந்தைய வண்டல்களில்தான் இந்தக் குலைவு உண்டு.

ஆகவே அந்தக் கந்தகத்தின் பயணம் இப்படி: எரிமலை கக்கியது, மூச்சுவிட முடியாத வானத்துக்கு ஏறியது, சூரியக் கதிரில் உடைந்தது, கடலில் விழுந்தது, அடியில் பைரைட்டாகப் படிந்தது. அதன் மேல் கொமாட்டியைட் பாய்ந்து உருக்கி விழுங்கியது. விழுங்கிய கந்தகம் துளியாகப் பிரிந்து நிக்கலையும் செம்பையும் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள எவர்சில்வர் பாத்திரத்தின் நிக்கல் இப்படிப்பட்ட தாதுவிலிருந்து வந்திருந்தால், அதைப் பிடித்துக் கொடுத்தது ஒருகாலத்தில் வானத்தில் மிதந்த கந்தகம்.

*

விளக்கம் அழகாக இருக்கிறது. தேடல் அவ்வளவு அழகில்லை.

தாது மடிகள் நாடாப்போல நீண்டு ஒடுங்கியவை. கம்பால்டாவில் ஒரு மடி இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளமும், அதிகம் போனால் 300 மீட்டர் அகலமும் இருக்கும். கனம் பெரும்பாலும் 5 மீட்டருக்குள். இது மடிந்து, உடைந்து, சாய்ந்து, பல நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும். மேலே நிற்பவனுக்கு உப்பும் செம்மண்ணும் யூகலிப்டஸ் மரமும்தான் தெரியும்.

போதாததற்கு யில்கார்னின் பாறை பல பத்து மீட்டர் ஆழத்துக்கு மக்கிப்போயிருக்கிறது. சல்பைடு முகடு காற்றும் நீரும் பட்டுத் துருப்பிடித்து, பழுப்பு மஞ்சளாக, தேன்கூட்டுத் துவாரங்களோடு தலைகாட்டும். இதைக் காஸன் என்பார்கள். கவுசில் பொறுக்கியது இதைத்தான். வருத்தம் என்னவென்றால், சல்பைடே இல்லாத ஆலிவின் பாறையும் மக்கி இரும்புக் கல்லாகத்தான் மாறும். ஆலிவினிலிருந்து விடுபட்ட நிக்கல் அந்தத் துருவில் குவிந்து 1 சதவீதத்தைத் தாண்டும். உண்மையான காஸனிலோ நிக்கல் மழைநீரில் கரைந்து போய்விட்டிருக்கும். அதாவது பொய்க் கல்லில் நிக்கல் அதிகமாகவும் மெய்க் கல்லில் குறைவாகவும் இருப்பது சகஜம். நிக்கலை மட்டும் நம்பியவர்கள் எத்தனை வெற்றுத் துளைகள் போட்டிருப்பார்கள்!

1970களில் இந்த வலையிலிருந்து தப்பிக்க வழி தேடினார்கள். செம்பும் கூடவே உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. ஆனால் செம்பும் கொஞ்சம் கரைந்து ஓடும். பக்கத்துப் பசால்ட்டிலிருந்து செம்பு கசிந்து வருவதும் உண்டு. ஒரு சாட்சி போதாது. பல்லேடியம், பிளாட்டினம், குறிப்பாக எளிதில் கரைந்து ஓடாத இரிடியம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டார்கள். அந்தக் கல்லில் குரோமியமும் மாங்கனீசும் துத்தநாகமும் ஏறி, செம்பும் இரிடியமும் இறங்கியிருந்தால் அது வெறும் துருக்கல். இன்றும் ஆய்வக அறிக்கை கைக்கு வந்ததும் பழகிய நிலவியலாளரின் கண் நிக்கல் பத்தியிலிருந்து உடனே பக்கத்துப் பத்திகளுக்குத் தாவும்.

இதற்கு நேர்மாறான உத்தியும் ஒன்று உண்டு. துளிகள் நிக்கலை வாரிக்கொண்டு போனால், மிச்சக் குழம்பில் நிக்கல் பற்றாக்குறை ஏற்பட வேண்டுமல்லவா? எனவே இருக்க வேண்டிய அளவைவிட நிக்கல் குறைந்த கொமாட்டியைட் கிடைத்தால், காணாமல் போனது அருகில் எங்கோ குவிந்திருக்கலாம் என்று கீழே தேடுவார்கள். நிக்கல் இல்லாத இடத்தை வைத்து நிக்கலைத் தேடுவது.

மேலிருந்து பார்க்கவும் கருவிகள் இருக்கின்றன. ஆலிவின் நீரேறிச் செர்பன்டைனாக மாறும்போது மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் உண்டாகும். அதனால் விமானத்தில் காந்தமானியைக் கட்டிப் பறந்தால் கொமாட்டியைட் பளிச்சென்று தெரியும். பட்டையை வரைய இது போதும், தாதுவைக் காட்டாது. தாதுவுக்கு மின்காந்த முறை. தரையில் சில நூறு மீட்டர் அகலத்துக்குக் கம்பிச் சுற்று விரித்து, அதில் மின்சாரத்தைப் பாய்ச்சி, திடீரென்று நிறுத்துவார்கள். அடியில் நல்ல கடத்தி இருந்தால் அதில் தூண்டப்பட்ட மின்னோட்டம் கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டிருக்கும். மேலே வைத்த உணர்கருவி அந்த எதிரொலியைப் பிடிக்கும். திண்ணிய சல்பைடு மிக நல்ல கடத்தி. ஆனால் கிராஃபைட் கலந்த கரும்பலகைக் கல்லும் கடத்தும். கந்தகம் ஊட்டிய அந்த வண்டலும் கடத்தும். தாதுவுக்குப் பக்கத்திலேயே இந்தப் போலிகள் குடியிருக்கும். லெஃப்ராய் ஏரியின் உப்புநீரோ மேலேயே போர்வையாகக் கிடந்து சமிக்ஞையை விழுங்கிவிடும்.

இறுதியில் துளை போட்டே ஆகவேண்டும். துளை தவறினாலும் எல்லாம் போச்சு என்றில்லை. அதற்குள் உணர்கருவியை இறக்கிப் பார்த்தால் பக்கவாட்டில் பல பத்து மீட்டர் தள்ளியிருக்கும் கடத்தியையும் காட்டிக் கொடுக்கும். பசும்பாறைப் பட்டைகளில் பிற்காலக் கண்டுபிடிப்புகள் பலவும் இப்படித் தவறிய துளைகளின் வழியாக வந்தவைதான்.

*

கம்பால்டா செய்தி பரவியதும் மேற்கு ஆஸ்திரேலியாவில் முளைக்குச்சி அடிக்காத நிலமே இல்லை என்ற நிலை வந்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. நிக்கலுக்குத் தேவை அதிகம். 1969இல் கனடாவின் சட்பரியில் வேலைநிறுத்தம் வேறு. அந்த நேரத்தில் வின்டாரா என்ற இடத்தில் கென் ஷர்லி என்பவர் பொசைடன் என்ற சிறிய கம்பெனிக்காகத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அக்டோபரில் அங்கே சுமார் 3.5 சதவீத நிக்கல் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் ஒரு டாலருக்கும் கீழே கிடந்த பொசைடன் பங்கு, 1970 பிப்ரவரியில் 280 டாலருக்குப் போனது. பெயரில் நிக்கல் என்ற சொல் இருந்தாலே போதும், கம்பெனிப் பங்கு விற்றது. நிக்கல் உள்ள துருக்கல் ஒவ்வொன்றும் செய்தியானது.

வின்டாராவில் உண்மையிலேயே தாது இருந்தது. ஆனால் முதலில் சொன்ன தரம் இல்லை, செலவு அதிகம், சுரங்கம் திறந்தபோது விலை இறங்கியிருந்தது. 1976இல் பொசைடன் கடன்காரர்கள் கைக்குப் போனது. அந்தக் கூத்தை விசாரிக்க ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மேலவை ஒரு குழு போட்டது. அதன் 1974 அறிக்கை பங்குச் சந்தைச் சட்டங்கள் மாற வழிசெய்தது. தாதுத் துளை முடிவுகளை எப்படி அறிவிக்க வேண்டும், எந்த அளவு சான்று இருந்தால் கனிம வளம் என்று சொல்லலாம், எப்போது வெட்டத்தக்க இருப்பு என்று சொல்லலாம் என்பதற்கு ஜோர்க் என்ற விதித்தொகுப்பு 1989இல் வந்தது. இன்று தனியாக ஒரு துளையில் தாது தட்டுப்பட்டால் அதற்குக் கனிமத் தடம் என்பதற்கு மேல் பெயர் கிடையாது. எனக்கு இந்த விதிகள் மீது பெரிய மரியாதை உண்டு. நிலவியலைவிடப் பேராசை பழையது.

*

நம் பக்கத்திலும் இதே வயதுப் பட்டை ஒன்று இருக்கிறது. கோலார் தங்கவயல் அதன் மேல்தான். வட ஆர்க்காட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் போய் இறங்கிய அந்தச் சுரங்கங்கள், 80 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பசும்பாறைப் பட்டையில் தோண்டப்பட்டவை. அதன் தெற்கு நுனி கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் எட்டிப் பார்க்கிறது. சுமார் 270 கோடி ஆண்டு வயது; கொமாட்டியைட் வகைப் பாறைகளும் உண்டு. தங்கம் ஏராளமாகத் தந்த அந்தச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. நிக்கல் சுரங்கம் அங்கே வந்ததில்லை. கம்பால்டாவுக்கும் கோலாருக்கும் வயது ஒன்று, குழம்பின் குலம் ஒன்று, தங்கமும் பொது. ஆனால் கொமாட்டியைட் இருந்துவிட்டால் நிக்கல் தாது இருந்தே தீரும் என்று விதி இல்லை. சரியான கால்வாய் வேண்டும், சரியான இடத்தில் கந்தக வண்டல் வேண்டும், துளிகள் குவியப் பள்ளம் வேண்டும். ஒன்று தவறினாலும் நிக்கல் ஆலிவினிலேயே தங்கிவிடும். இந்தியா இன்றும் தனக்கு வேண்டிய நிக்கலுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கிறது.

*

கண்டுபிடித்தபின்னும் கணக்கு முடிவதில்லை. ஆய்வகத்தில் கல்லை முழுவதும் அமிலத்தில் கரைத்தால் சிலிக்கேட் நிக்கலும் சல்பைடு நிக்கலும் சேர்ந்து ஒரே எண்ணாக வரும். ஆகவே சல்பைடை மட்டும் கரைக்கும் தனிச் சோதனை செய்து, ஆலையில் உண்மையில் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். வடக்கே மவுண்ட் கீத்தில் 0.6 சதவீத நிக்கல்தான். ஆனால் அது சல்பைடு, மலைபோல் இருந்தது, திறந்தவெளியில் வெட்ட முடிந்தது. அது பெரிய சுரங்கமாயிற்று. இன்னோர் இடத்தில் 0.3 சதவீதம், இருநூறு மீட்டர் கனம் என்று பெருமையாக ஓர் அறிவிப்பு வந்தால், அது பெரும்பாலும் ஆலிவின் தன் இயல்பைச் சொல்லிக்கொள்வதுதான். எனக்கு வரும் இப்படிப்பட்ட அறிவிப்புகளில் முதலில் நான் தேடுவது செம்பு, பல்லேடியம், கந்தகம் ஆகிய மூன்று எண்களை. அவை தரப்படவில்லை என்றால், தராமல் விட்டதே ஒரு பதில்.

பிறகு விலை. இந்தோனேசியா 2020இல் கச்சா நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடைசெய்து, உள்நாட்டிலேயே ஆலைகளைக் கட்டியது. அங்கே வெட்டுவது சல்பைடு அல்ல. மழையில் மக்கிக் குவிந்த அதே துருமண் நிக்கல், ஆனால் கடல்போல. உலகில் வெட்டப்படும் நிக்கலில் பாதிக்கு மேல் இப்போது அந்த ஒரு நாட்டிலிருந்து வருகிறது. பொய்க் கல் என்று யில்கார்னில் ஒதுக்கிய வகை, போதிய அளவில் இருந்தபோது மெய்க் கல்லையே சந்தையிலிருந்து விரட்டிவிட்டது. வெஸ்டர்ன் மைனிங்கை 2005இல் வாங்கிய பிஎச்பி நிறுவனம், 2024 அக்டோபரில் தன் மேற்கு ஆஸ்திரேலிய நிக்கல் வேலைகளை நிறுத்திவைத்தது. கம்பால்டாவில் அப்போது தாது வெட்டிக்கொண்டிருந்த வைலூ நிறுவனம் அதே ஆண்டு மே மாதமே தன் சுரங்கங்களை நிறுத்திவிட்டது. அங்கே தாது தீரவில்லை, விலைதான் கட்டவில்லை.